நடுராத்திரி ரேடியோவில் ஒரு ஸ்டீல் கிட்டார்

வணக்கம் நேயர்களே.

இந்த உரைக்கு அழைத்தபோதே நிலையத்தார் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்கள். நடுவில் பாட்டு எதுவும் ஒலிக்காது, பேச்சு மட்டும்தான். முடிவில் வேண்டுமானால் ஒரே ஒரு பாட்டு. இலை போடாமலே விருந்தைப் பற்றிச் சொல்லச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனாலும் சரி என்றேன். நான் இன்று சிபாரிசு செய்ய வந்திருக்கிறவை அமெரிக்கா, கனடாப் பக்கத்து ஆல்ட் கன்ட்ரி, இண்டி இசைத்தட்டுகள். அந்தப் பெயர்களை அப்புறம் விளக்குகிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு மூலையில் ரேடியோ இருக்கிறது. அதைப் பற்றி ரேடியோவிலேயே பேசக் கிடைத்த வாய்ப்பை விட மனசு வரவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பாடகன் இல்லை, வாத்தியம் வாசிப்பவனும் இல்லை. கிட்டாரில் கார்டு என்று சில சுரங்களைச் சேர்த்து மீட்டுவார்களே, அதில் மூன்று தெரியும், நான்காவதுக்கு விரல் எட்டாது. சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். 2004-இல் கம்பெனி என்னை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு ஆன்சைட் அனுப்பியது. மிசிசிப்பி ஆறு நகரத்தை ஒட்டியே ஓடுகிறது. ஆற்றுக்கு மேற்கே மிசௌரி மாநிலம், கிழக்கே இல்லினாய்ஸ். அலுவலகம் மேற்கே. வாடகை குறைவு என்று நான் வீடு பிடித்தது கிழக்கே, பெல்வில் என்ற ஊரில். செகண்ட் ஹேண்டில் ஒரு கொரோலா வாங்கினேன். அதன் சி.டி. பிளேயர் முந்தைய சொந்தக்காரரின் தட்டு ஒன்றை விழுங்கி வைத்துக்கொண்டு வெளியே விடவும் இல்லை, பாடவும் இல்லை. ரேடியோ மட்டும் வேலை செய்தது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து சீட்டுக்காரர் வீடு எங்கே என்று கேட்டார். பெல்வில் என்றேன். மனிதர் கையில் இருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார். "அங்கிள் டுபெலோவின் ஊரில் இருக்கிறாயா?" என்றார். யார் வீட்டு மாமா என்று தெரியாமல் விழித்தேன். மறுநாள் காலை என் கீபோர்டின் மேல் மார்க்கரில் பெயர் எழுதிய ஒரு சி.டி. கிடந்தது. அந்தத் தட்டிலிருந்து தொடங்கியதுதான் இந்தப் பைத்தியம்.

அங்கிள் டுபெலோ என்பது பெல்வில்லில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பையன்கள் சேர்ந்து நடத்திய இசைக்குழு. ஜே ஃபரார், ஜெஃப் ட்வீடி, டிரம்ஸுக்கு மைக் ஹைடார்ன். அவர்கள் வளர்ந்தது பங்க் ராக் கேட்டு. மூன்று கார்டு, காது கிழிகிற சத்தம், எல்லாவற்றின் மேலும் கோபம். ஆனால் வீட்டில் அப்பா அம்மா கேட்டது பழைய கன்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்க நாட்டுப்புறத்துப் பாட்டு. ட்வீடியின் அப்பா ரயில்வேத் தொழிலாளி. பையன்கள் ஒரு கட்டத்தில் கண்டுபிடித்த விஷயம், இந்த இரண்டு இசையும் ஒரே ஆட்களைப் பற்றித்தான் பாடுகின்றன என்பது. வேலை போனவன், ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவன், சனிக்கிழமை குடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருந்துகிறவன். இரண்டையும் ஒரே பாட்டுக்குள் போட்டார்கள். ஒரு வரி மெதுவாக நடக்கும், அடுத்த வரியில் தலையில் பெட்டி விழுந்தது போல டிரம்ஸ் இறங்கும்.

முதல் ஆல்பம் 1990-இல் வந்த 'நோ டிப்ரெஷன்'. பாஸ்டனில் ஒரு ஸ்டூடியோவில் பத்தே நாளில், 3,500 டாலர் செலவில் முடித்தது. பெயரைப் பார்த்து மனச்சோர்வு பற்றியது என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே டிப்ரெஷன் என்றால் 1930-களின் பொருளாதாரப் பெருமந்தம். கார்ட்டர் ஃபேமிலி என்ற பழைய கிராமியக் குடும்பக் குழு 1936-இல் பதிவு செய்த பாட்டு அது. சொர்க்கத்தில் பஞ்சம் இல்லை, நான் அங்கே போகிறேன் என்கிற பக்திப் பாட்டு. இருபத்து சொச்சம் வயதுப் பங்க் பையன்கள் அதைக் கேலி இல்லாமல், அப்படியே நம்பிப் பாடினார்கள். 1995-இல் சியாட்டிலில் இந்த இசைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியவர்கள் அதற்கு இந்தப் பெயரையே வைத்தார்கள். இந்த வகைக்கு ஆல்ட் கன்ட்ரி என்ற பெயர் நிலைத்ததும் அந்தச் சமயத்தில்தான். மாற்று கன்ட்ரி என்று வைத்துக்கொள்ளலாம். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் தொப்பிக்காரர்கள் பளபளவென்று தயாரித்த கன்ட்ரிக்கு மாற்று.

அப்புறம் இண்டி. நம் ஊரில் இண்டி என்றால் சினிமாவுக்கு வெளியே உள்ள பாட்டு. அங்கே பெரிய கம்பெனிக்கு வெளியே உள்ள பாட்டு. சினிமா அவர்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை, அதனால் அந்த வார்த்தைக்கு அங்கே வேறு வேலை. விளக்கம் இவ்வளவு போதும், பாட்டுக்கு வருவோம்.

'நோ டிப்ரெஷ'னை முதலில் கேளுங்கள் என்று சொல்ல மாட்டேன். சத்தம் பழக ஒரு வாரம் ஆகும். நான் சொல்வது அவர்களின் மூன்றாவது ஆல்பம். அதன் பெயர் வெறும் தேதி: 'மார்ச் 16–20, 1992'. அந்த ஐந்து நாளில் பதிவு செய்தார்கள், அதையே பெயராக வைத்துவிட்டார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரம். தயாரிப்பாளர் ஆர்.ஈ.எம். குழுவின் பீட்டர் பக். அப்போது ஆர்.ஈ.எம். உலகப் புகழ். அவர் இந்தப் பையன்களைத் தன் வீட்டில் தங்க வைத்து, ஒரு காசு வாங்காமல் வேலை பார்த்தார். எலக்ட்ரிக் கிட்டார்களை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அக்கூஸ்டிக் கிட்டார், மாண்டலின், பேஞ்ஜோ என்று உட்கார்ந்தார்கள். நிர்வாணா குழு அமெரிக்காவையே அலறலில் மிதக்க வைத்துக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், இவர்கள் நிலக்கரிச் சுரங்கப் பாட்டும் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவன் பாட்டும் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாராயப் பாட்டைப் பாடும்போது ஃபராருக்கு வயது இருபத்தைந்து. கேட்டால் அறுபது வயசு ஆள் என்று சத்தியம் செய்வீர்கள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இந்தத் தட்டில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. விரல் கம்பியின் மேல் வழுக்குகிற கீச்சுச் சத்தம், பாடகர் மூச்சு இழுப்பது, இதெல்லாம் அப்படியே இருக்கிறது. யாரும் துடைக்கவில்லை. எங்கே உட்கார்ந்து பாடினார்கள் என்பது காதில் விழுகிறது. அதற்குப் பிறகு எந்தத் தட்டை எடுத்தாலும் முதலில் அந்த அறையைத்தான் தேடுகிறேன். கூரை உயரமா, சுவர் பக்கத்திலா, எத்தனை பேர் இருக்கிறார்கள். இன்று நான் சொல்கிறவற்றை நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

அறை என்றதும் நினைவுக்கு வருவது ஒரு மாதா கோவில் அளவு பெரிய அறை. உண்மையிலேயே தேவாலயம்தான். டொராண்டோ நகரத்தின் நடுவில் உள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயம். கவ்பாய் ஜங்கீஸ் என்ற கனடா குழு 1987 நவம்பர் 27 அன்று அதற்குள் ஒரே ஒரு மைக்கை வைத்துப் பதிவு செய்ததுதான் 'தி டிரினிட்டி செஷன்'. டிம்மின்ஸ் குடும்பத்தில் மூன்று பேர், கூடவே ஒரு நண்பர், அக்கார்டியன், ஹார்மோனிகா, ஸ்டீல் கிட்டார் வாசிக்க வந்த விருந்தாளிகள். பாரில் பாடுகிற ராக் குழு என்று சொன்னால் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று, டிம்மின்ஸ் ஃபேமிலி சிங்கர்ஸ் என்று ஒரு பெயரைச் சொல்லி, கனடா வானொலிக்குக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி பதிவு செய்யப் போகிறோம் என்று புளுகினார்கள். வானொலி என்றால் அந்தக் காலத்தில் அத்தனை மரியாதை. இங்கே ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் சிரிக்கிறார்.

ஒரே மைக் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைய பதிவில் டிரம்ஸுக்கு மட்டுமே ஏழெட்டு மைக் இருக்கும். எல்லாவற்றையும் தனித்தனியே எடுத்து, பிறகு மேசையில் உட்கார்ந்து இதைக் கூட்டு, அதைக் குறை என்று சமைப்பார்கள். ஒற்றை மைக்கில் அந்த வேலையைக் கால்கள்தான் செய்ய வேண்டும். சத்தம் கூடினால் ஆள் பின்னால் நகர வேண்டும், குறைந்தால் முன்னால் வர வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவர் குச்சியை விட்டுவிட்டுப் பிரஷ்ஷால் தடவ வேண்டும். பாடகி மார்கோ டிம்மின்ஸின் குரலோ தூக்கத்தில் பேசுவது போல அவ்வளவு மெல்லியது. அதனால் அவர் தனியாக ஒரு ஒலிபெருக்கியில் பாட, அந்த ஒலிபெருக்கி எழுப்பிய ஓசையை அந்த மைக் மற்ற வாத்தியங்களோடு சேர்த்து வாங்கிக்கொண்டது. ஒருவர் தப்பு செய்தால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தத் தட்டை நான் ஒரு பழைய சி.டி. கடையில் ஆறு டாலருக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து போட்டால் முதல் பாட்டில் ஒரு வாத்தியமும் இல்லை. ஒரு பெண் தனியாகச் சுரங்கத் தொழிலாளி பாட்டு ஒன்றைப் பாடுகிறார், பின்னால் ஏதோ காற்று ஓடுகிறது. வால்யூமைக் கூட்டினால் காற்றும் கூடுகிறது. தட்டில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, மறுநாள் ரசீதோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் தாடியை நீவிக்கொண்டு தட்டை அங்கேயே ஓட விட்டார். முழுப் பாட்டும் முடிகிறவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அது கோளாறு இல்லை, கட்டடம்" என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்ததை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். இன்றும் என்னிடம் இருக்கிறது.

அதில் லூ ரீட் எழுதிய 'ஸ்வீட் ஜேன்' என்ற பாட்டையும் பாடியிருக்கிறார்கள். அவருடைய வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழு வேகமாக, துள்ளலாகப் பதிவு செய்த பாட்டு. இவர்கள் அதன் வேகத்தைப் பாதியாக்கி, பேஸ் கிட்டார் நடக்க நடக்க அதன் மேல் சாய்ந்துகொண்டு பாடுகிறார்கள். எழுதியவரே இதைப் பாராட்டினார். ராத்திரி பதினோரு மணிக்கு மேல், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டிய தட்டு. காலையில் சமையலறையில் போட்டீர்கள் என்றால் குக்கர் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, என்னைத்தான் திட்டுவீர்கள்.

சரி, பெல்வில் கதையைப் பாதியில் விட்டேன். 1994-இல் ஃபரார் விலகினார், குழு உடைந்தது. மே 1 அன்று செயின்ட் லூயிஸில் கடைசிக் கச்சேரி. பள்ளிக்கூடச் சிநேகம், சேர்ந்து வளர்ந்த குழு, கடைசியில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத நிலைமை. கூட்டுக் குடும்பத்தில் பாகப்பிரிவினை ஆன மாதிரி இரண்டு குழு உருவானது. ஃபராரின் குழு சன் வோல்ட். ட்வீடியும் மற்றவர்களும் சேர்ந்து வில்கோ. 1995-இல் இரண்டு பேரும் தத்தம் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். அந்தச் சுற்றில் ஃபரார் ஜெயித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வில்கோவின் 'ஏ.எம்.' சுமார்தான். சன் வோல்ட்டின் 'டிரேஸ்', நான் இன்று சொல்கிற தட்டுகளில் எனக்கு நெஞ்சுக்கு மிக நெருங்கியது.

அதன் முதல் பாட்டு 'விண்ட்ஃபால்'. ஒருவன் ராத்திரி கார் ஓட்டிக்கொண்டு போகிறான். ரேடியோவை ஏ.எம்.முக்கு, அதாவது நடுத்தர அலைக்கு, மாற்றுகிறான். எங்கிருந்தோ, லூசியானாவில் ஏதோ ஓர் ஊரிலிருந்து, விடிய விடிய ஒலிபரப்புகிற ஒரு நிலையம் கிடைக்கிறது. ஸ்டீல் கிட்டார் கேட்கிறது. நிலையத்தின் பெயர் நினைவில் நிற்கவில்லை. 1963-ஆம் வருஷம் போல ஒலிக்கிறது, சொர்க்கம் போல ஒலிக்கிறது என்கிறான். பாட்டில் நடப்பது அவ்வளவுதான். ராத்திரியில் நடுத்தர அலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்கும். பகலில் கேட்காத நிலையம் இருட்டில் கேட்கும். இலங்கை வானொலியை டிரான்சிஸ்டரில் காதோடு வைத்துத் திருகித் திருகிப் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அலை போய்ப் போய் வருமே, பாட்டு தண்ணீருக்குள் இருந்து ஒலிப்பது போல, அந்தச் சுகம் அவர்களுக்குத் தெரியும். என் கொரோலாவிலும் ரேடியோ மட்டும்தானே. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ராத்திரி வீடு திரும்பும்போது நானும் அந்தக் குமிழைத் திருகியிருக்கிறேன். லூசியானா ஒருநாளும் கிடைக்கவில்லை. யாரோ ஒரு பிரசங்கியார்தான் எப்போதும் கிடைத்தார்.

இந்தத் தட்டில் 'டியர் ஸ்டெய்ண்ட் ஐ' என்று ஒரு பாட்டு. 1993-இல் மிசிசிப்பியில் பெரும் வெள்ளம். செயின்ட் லூயிஸுக்குத் தெற்கே செயின்ட் ஜெனவீவ் என்று பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய பழைய ஊர் ஒன்று ஆற்றோரம் இருக்கிறது. மணல் மூட்டைகளை அடுக்கி ஊரைக் காப்பாற்றினார்கள். ஜெனவீவ் புனிதையின் பெயர். ஃபரார் அந்த ஊர்ப் பெயரையும் புனிதையையும் ஒன்றாகப் பிசைந்துவிடுகிறார். அவளால் வெள்ளத்தைத் தடுக்க முடியும், ஆனால் ஒருவன் கண்ணில் வழிகிற தண்ணீரைப் புனிதர்கள் கண்டுகொள்வதில்லை என்கிறார். குலதெய்வத்தோடு சண்டை பிடித்துப் பழகியவர்களுக்கு இந்த வருத்தம் சட்டென்று புரியும்.

ஸ்டீல் கிட்டார், ஸ்டீல் கிட்டார் என்று சொல்லிக்கொண்டே போகிறேன், அது என்ன என்று கேட்பீர்கள். பெடல் ஸ்டீல் என்பது மேசை போலக் கால்களில் நிற்கிற வாத்தியம். பெரும்பாலும் பத்துக் கம்பி. இடது கையில் ஓர் இரும்பு உருளையைக் கம்பிமேல் வழுக்குவார்கள். காலில் பெடல், முழங்காலில் நெம்புகோல். மிதித்தால் குறிப்பிட்ட கம்பியின் சுருதி மட்டும் ஏறி இறங்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் படி ஏறாமல் வழுக்கிக்கொண்டு போவதால் அழுவது போலவே இருக்கும். கோட்டுவாத்தியம் கேட்டிருந்தால் அந்த வழுக்கலை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர்களின் இசையில் நம் காதுக்கு முதலில் ஒட்டுகிற வாத்தியம் இதுதான் என்பது என் கட்சி. கமகம் இல்லாமல் நம்மால் எத்தனை நேரம் உட்கார முடியும்?

ட்வீடியின் வில்கோ பிறகு எழுந்து நின்ற கதை தெரிந்ததுதான், ஆனாலும் ரேடியோவில் சொல்லாமல் விட முடியாது. 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்டிராட்' என்ற ஆல்பத்தை 2001-இல் முடித்துக் கொடுத்தார்கள். ரிப்ரைஸ் கம்பெனி கேட்டுவிட்டு இது வேண்டாம் என்றது. குழு பதிவு நாடாக்களைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறி, செப்டம்பரில் தங்கள் இணையதளத்திலேயே முழு ஆல்பத்தையும் இலவசமாகக் கேட்க வைத்தது. பிறகு 2002 ஏப்ரலில் நோன்சச் என்ற கம்பெனி வெளியிட்டது. வேடிக்கை என்னவென்றால் ரிப்ரைஸும் நோன்சச்சும் ஒரே வார்னர் குடும்பம். அண்ணன் குப்பை என்று எறிந்ததைத் தம்பி காசு கொடுத்து வாங்கினான்.

பெயரின் கதை இன்னும் நன்றாக இருக்கும். சிற்றலை வானொலியில் எண் நிலையங்கள் என்று ஒரு மர்மம் உண்டு. ஆணோ பெண்ணோ, உணர்ச்சியே இல்லாத குரலில் எண்களையும் எழுத்துகளையும் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். யாருக்கு, எதற்கு என்று அறிவிப்பு கிடையாது. உளவாளிகளுக்கான ரகசியச் செய்தி என்று பொதுவாக நம்புகிறார்கள். அந்தப் பதிவுகளைத் தொகுத்து 'தி கானட் புராஜெக்ட்' என்று ஒரு நிறுவனம் சி.டி.யாக வெளியிட்டது. அதில் ஒரு பெண், Y, H, F என்ற எழுத்துகளுக்கு ரேடியோவில் சொல்கிற சொற்களாக, யாங்கி, ஹோட்டல், ஃபாக்ஸ்டிராட் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அந்தக் குரலை ட்வீடி 'புவர் பிளேசஸ்' என்ற பாட்டின் முடிவில் ஓட விட்டிருக்கிறார். பாட்டு மெல்ல மெல்ல இரைச்சலில் மூழ்கும், அவள் குரல் மட்டும் நிற்கும். யாரோ யாரிடமோ ஏதோ சொல்ல முயல்கிறார்கள், கேட்கிற நமக்கு அது போய்ச் சேரவில்லை. முழு ஆல்பமும் அதைப் பற்றித்தான். மற்ற தட்டுகளில் அறையைத் தேடச் சொன்னேன் அல்லவா, இதில் அறை பிடிபடாது. சிகாகோவில் தங்களுடைய சொந்த மாடியில் அடுக்கடுக்காகப் பதிவு செய்து, பிறகு பாதியை உருவி எறிந்த வேலை இது. முதல் தடவை கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். 'ஜீசஸ், எட்செட்ரா' என்ற பாட்டில் தொடங்கினால் மற்றவை தானாக வழிவிடும்.

ஆண் குரல்களாகவே போகிறதே என்று யாரும் சொல்வதற்கு முன்னால் லூசிண்டா வில்லியம்ஸ். லூசியானாவின் லேக் சார்ல்ஸில் பிறந்தவர், அப்பா மில்லர் வில்லியம்ஸ் கவிஞர், கல்லூரிப் பேராசிரியர். வேலை மாற மாற ஊர் மாறிய குடும்பம். 1998-இல் வந்த 'கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு' ஆல்பத்தை அவர் திருப்தி வராமல் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார். முந்தைய ஆல்பத்துக்கும் இதற்கும் ஆறு வருஷ இடைவெளி. தலைப்புப் பாட்டில் மேக்கன் என்ற ஊரில் ஒரு வீட்டுச் சமையலறை. காபி வாசனை, முட்டை பொரிகிறது, ரேடியோவில் லொரெட்டா லின் பாடுகிறார். பெரியவர்களின் பேச்சு அரைகுறையாகக் காதில் விழுகிறது. அப்புறம் சரளைக்கல் ரோட்டில் கார் டயர் நெரிகிற சத்தம். கடைசியில் கார் பின்சீட்டில் நாலைந்து வயசுக் குழந்தை ஜன்னல் வழியே வெறித்துக்கொண்டிருக்கிறது, கன்னத்தில் கண்ணீரும் புழுதியும். இந்தப் பாட்டைக் கேட்ட அப்பா மகளிடம் வந்து மன்னிப்புக் கேட்டாராம். அந்தக் குழந்தை தான்தான் என்பதே அப்போதுதான் தனக்கு உறைத்தது என்று லூசிண்டா சொல்லியிருக்கிறார்.

அதே தட்டின் கடைசிப் பாட்டு 'ஜாக்சன்'. காதலனை விட்டுவிட்டுக் காரில் போகிறாள். இந்த ஊர் போய்ச் சேர்ந்தால் உன் நினைப்பு இருக்காது, அடுத்த ஊர் போய்ச் சேர்ந்தால் இருக்காது என்று லாஃபயெட், பேட்டன் ரூஜ், விக்ஸ்பர்க் என்று ஒவ்வோர் ஊராகச் சொல்கிறாள். மறந்துவிட்டவள் மைல்கல்லை எண்ணுவாளா? பாட்டில் அந்தக் கேள்வி இல்லை. ஊர்ப் பெயர்கள் மட்டும்தான் இருக்கின்றன.

கில்லியன் வெல்ச்சின் 'டைம்: தி ரெவலேட்டர்' 2001-இல் வந்தது. அவரும் துணைவர் டேவிட் ராலிங்ஸும் ஆக இரண்டே பேர். இரண்டு குரல், இரண்டு கிட்டார், அல்லது ஒரு கிட்டாரும் ஒரு பேஞ்ஜோவும். நாஷ்வில்லில் எல்விஸ் பிரெஸ்லி பாடிய ஆர்.சி.ஏ. ஸ்டூடியோ பி-யில் பெரும்பகுதியைப் பதிவு செய்து, சொந்தக் கம்பெனியில் வெளியிட்டார்கள். ராலிங்ஸ் வாசிப்பது 1935-இல் செய்த ஒரு சின்ன எபிஃபோன் கிட்டார். விலை உயர்ந்த வாத்தியமாகச் செய்ததல்ல. அதில் அவர் பாடகியின் வரியை முடிக்கவிடாமல் குறுக்கே புகுந்து, ஆனால் ஒருமுறைகூட இடறாமல் வாசிப்பதைக் கேட்க வேண்டும். வெகுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் நுழைவது போல இருக்கும். வெல்ச் லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்தவர், மலைக்கிராமத்துப் பாட்டு பாட இவருக்கு என்ன தகுதி என்று அந்தக் காலத்தில் சில விமர்சகர்கள் முணுமுணுத்தார்கள். பாட்டு நன்றாக இருந்தால் பிறந்த ஊர்ச் சான்றிதழ் எதற்கு என்று எனக்குத் தோன்றும்.

இந்த ஆல்பத்தில் ஏப்ரல் 14 பற்றி இரண்டு பாட்டு. அவர் அதை நாசமாய்ப் போன நாள் என்கிறார். 1865-இல் ஆபிரகாம் லிங்கனைச் சுட்டது அன்றுதான். 1912-இல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது அன்றிரவு. 1935-இல் அமெரிக்கச் சமவெளியை இருட்டாக்கிய பெரும் புழுதிப் புயலும் அதே தேதி. இந்த மூன்றுக்கும் நடுவில், இரண்டு டாலர் டிக்கெட்டில் ஐந்து குழு பாடிய ஒரு சில்லறைக் கச்சேரியையும் நுழைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் சித்திரை ஒன்றாம் தேதி மாங்காய்ப் பச்சடி கிளறும்போது நான் இந்தப் பாட்டைப் போடுவேன். நல்ல நாளும் அதுவுமாக என்ன ஒப்பாரி என்று மனைவி கேட்பாள். இனிப்பும் கசப்பும் சேர்த்துத்தானே பச்சடி என்பேன். வருஷா வருஷம் நடக்கிற சண்டை.

நேரம் ஓடுகிறது, சிலவற்றைப் பெயர் மட்டும் சொல்லிவிடுகிறேன். டிரைவ்-பை டிரக்கர்ஸின் 'சதர்ன் ராக் ஆப்ரா' இரட்டைத் தட்டு. நீளம் அதிகம், நீண்ட பஸ் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில்வர் ஜ்யூஸின் 'அமெரிக்கன் வாட்டர்', வரிகளுக்காக. ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே அழ வைக்கிற எழுத்து. இளையவர்களில் வாக்ஸஹாச்சி என்ற பெயரில் பாடுகிற கேட்டி க்ரட்ச்ஃபீல்டின் 'செயின்ட் க்ளவுட்'. குடியை விட்ட பிறகு எழுதிய ஆல்பம், 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய வாரங்களில் வந்தது. அந்த மாதம் என் வீட்டு மொட்டை மாடியில் இது ஓடாத சாயங்காலம் கிடையாது. எல்லாரும் கொண்டாடுகிற போன் ஈவேரின் பனிக்காட்டுக் குடில் ஆல்பம் எனக்கு ஒட்டவில்லை. நாலு முறை முயன்றுவிட்டேன். உங்களுக்குப் பிடித்தால் சந்தோஷம்.

கடைசியாக ஜேசன் மொலினா. ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் லொரெய்ன் என்ற எஃகு ஆலை ஊர். நாவலாசிரியர் டோனி மாரிசன் பிறந்ததும் அதே ஊர்தான். மொலினா 'சாங்ஸ்: ஒஹையா' என்ற பெயரில் தனியாக, மெல்ல, இருட்டாகப் பாடிக்கொண்டிருந்தவர். 2002-இல் ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு சிகாகோவில் ஸ்டீவ் அல்பினியின் ஸ்டூடியோவுக்குப் போனார். அல்பினி தன்னைத் தயாரிப்பாளர் என்று சொல்லிக்கொண்டதில்லை, பதிவு செய்கிற இன்ஜினியர், அவ்வளவுதான். வேலைக்குக் கூலி வாங்கினார், விற்பனையில் பங்கு வாங்கியதில்லை. அறையில் நடப்பதை நடந்தபடி பிடித்துத் தருவது தன் தொழில் என்று இருந்தவர். அங்கே பதிவான 'மக்னோலியா எலக்ட்ரிக் கோ.' 2003-இல் வந்தது.

அதன் முதல் பாட்டு 'ஃபேர்வெல் டிரான்ஸ்மிஷன்'. விடைபெறும் ஒலிபரப்பு. ஏழு நிமிடத்துக்கு மேல். எல்லாரும் ஒரே அறையில் நின்று, ஒரே டேக்கில் வாசித்தது. நீங்கள் கவனித்தால் தெரியும், வாசிப்பவர்களுக்கே பாட்டு அடுத்து எங்கே திரும்பும் என்று முழுசாகத் தெரியாது. மொலினாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். மடியில் வைத்து வாசிக்கிற லாப் ஸ்டீல் ஓரிடத்தில் தயங்கி நின்று, பிறகு உள்ளே வருகிறது. பெண் குரல் ஒன்று அவரைவிட ஒரு நூல் பின்தங்கித் தொடர்கிறது. வேறு யாராவது இருந்தால் இன்னொரு டேக் எடுத்து அதைச் சரிசெய்திருப்பார்கள். மொலினா 2013-இல் முப்பத்தொன்பது வயதில் குடியால் இறந்துபோனார். எனக்கு அந்தச் செய்தி அலுவலகத்தில் வேலை நடுவில் வந்தது. வாட்டர் கூலர் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். யாரிடம் சொல்வது?

பாட்டின் கடைசியில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கும். அவர் 'கேள்' என்ற ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வார். வாத்தியக்காரர்களிடம் சொல்கிறாரா, நம்மிடம் சொல்கிறாரா என்று தெரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், எனக்கு அரை நிமிடம் மிச்சம். ஒரே ஒரு பாட்டு என்று சொன்னார்கள் அல்லவா, நான் கேட்டது இதைத்தான். ஏழு நிமிடம் நீளம், நடுவில் வெட்டிவிடுவோம் என்றார்கள். கெஞ்சி முழுசாகப் போட வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், ரேடியோ கெட்டுவிட்டது என்று தட்ட வேண்டாம். வணக்கம்.